ஒரு தூரிகையின் வரலாறு: இப்னு சீனாவில் இருந்து செலுலைட் வரை



நீளமான பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பெண்கள் வட்ஸ்அப் குழுமங்களில் இப்போது ஒரு தூரிகை விற்பனையாகிறது. நீண்ட மரப்பிடி, நுனியில் விறைப்பான மயிர். குளிப்பதற்கு முன் காய்ந்த உடம்பில், காலில் தொடங்கி நெஞ்சை நோக்கி, தினமும் ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டுமாம். தொடையிலும் இடுப்பிலும் உள்ள 'செலுலைட்' குழிகள் மறையுமாம், உடம்பில் உள்ள நச்சு வெளியேறுமாம். சில விளம்பரங்களில் 'யூனானி முறை', 'இப்னு சீனா சொன்னது' என்றும் சேர்த்திருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள், "டீச்சர், இது ஒரு வருத்தமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

நான் வைத்தியர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவள். ஆனால் உடம்பைத் தேய்ப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. செலுலைட் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. முதலாவதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வயது. இரண்டாவதற்கு நூற்றைம்பது வருடம். இரண்டும் சேர்ந்து நடக்கத் தொடங்கி அறுபது வருடம்கூட ஆகவில்லை.

பழைய கதையில் இருந்து தொடங்குவோம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமில் செல்சுஸ் என்றொருவர் இலத்தீன் மொழியில் மருத்துவ நூல் எழுதினார். உடம்பைத் தேய்க்கும் வைத்தியத்தைத் தானே கண்டுபிடித்ததாக அஸ்கிலிபியாடிஸ் என்ற வைத்தியர் பெருமை பேசியதாகவும், அதற்கு எத்தனையோ காலம் முன்பே ஹிப்போகிரட்டீஸ் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டதாகவும் அதில் எழுதியிருக்கிறார். ஹிப்போகிரட்டீஸ் கணக்கு இதுதான்: பலமாகத் தேய்த்தால் உடம்பு இறுகும், மெதுவாகத் தேய்த்தால் தளரும், அதிகம் தேய்த்தால் மெலியும், அளவாகத் தேய்த்தால் சதை பிடிக்கும். பிறகு வந்த ஜாலினூஸ், அதாவது கேலன், உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் தேய்ப்பது பற்றி நீண்ட விளக்கங்கள் எழுதினார்.

இந்த அறிவெல்லாம் அரபு மொழிக்கு வந்து ஓர் ஒழுங்கான வடிவம் பெற்றது இப்னு சீனாவின் கையில். கி.பி. 980இல் புகாரா அருகே பிறந்து 1037இல் ஹமதானில் மறைந்தவர். அவருடைய 'அல்-கானூன் ஃபித் திப்' ஐந்து பாகம் கொண்டது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் ஜெரார்ட் என்பவர் அதை இலத்தீனுக்கு மாற்றினார், பிறகு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் அது பாடநூலாக இருந்தது. அதன் முதலாம் பாகத்தில் உடற்பயிற்சி பற்றிச் சொன்ன கையோடு 'தல்க்' பற்றி எழுதுகிறார். தல்க் என்றால் தேய்த்தல், பிடித்துவிடுதல்.

அங்கே அவர் சொல்வதைக் கவனியுங்கள். வன்மையான தேய்ப்பு, மென்மையான தேய்ப்பு, அதிகத் தேய்ப்பு, நடுத்தரத் தேய்ப்பு என்று ஹிப்போகிரட்டீஸின் பிரிவுகளை எடுத்துக்கொள்கிறார். அவற்றோடு இன்னொரு பிரிவையும் வைக்கிறார். முரட்டுத் துணியால் தேய்த்தால் இரத்தம் விரைவாகத் தோலின் மேற்பக்கம் வரும், மிருதுவான கையாலோ துணியாலோ தேய்த்தால் இரத்தம் அந்த உறுப்பில் சேர்ந்து நிற்கும் என்கிறார். விறைப்பான தூரிகையால் தேய்த்தவுடன் தோல் சிவப்பதை ஆயிரம் வருடத்துக்கு முன்பே கவனித்து எழுதிவைத்திருக்கிறார். அந்த அளவுக்கு விளம்பரக்காரர் சொல்வது பொய்யில்லை.

ஆனால் அவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். இப்னு சீனாவின் தல்க், பயிற்சியின் துணை. பயிற்சிக்கு முன் உடம்பைத் தயார்ப்படுத்த ஒரு தேய்ப்பு, மெதுவாகத் தொடங்கி வேகம் கூடும். பயிற்சி முடிந்தபின் களைப்பை ஆற்ற இன்னொரு தேய்ப்பு, எண்ணெய் போட்டு மிருதுவாக. தசைக்குள் தங்கிய மிச்சக் கழிவுகளைக் கரைப்பது இரண்டாவதன் நோக்கம் என்கிறார். இன்றைக்கு 'நச்சு வெளியேறும்' என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சின் பாட்டன் இந்தக் கழிவுக் கொள்கைதான். உடம்பு நான்கு திரவங்களால் ஆனது, அவற்றில் ஒன்று மிஞ்சினால் வருத்தம் வரும் என்று உலகமே நம்பிய காலத்தின் கொள்கை அது. அந்தக் கொள்கையை மருத்துவம் எப்போதோ தாண்டிவிட்டது. விளம்பரக்காரர் அதை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு, இன்றைக்கும் செல்லுபடியாகிற பகுதியை, உடற்பயிற்சியை, விட்டுவிட்டார்கள். கானூனில் தொடைக் குழிகளைப் போக்கும் தூரிகை கிடையாது. நான்காம் பாகத்தில் அழகு, தோல், முடி, அதிக பருமன், அதிக மெலிவு எல்லாம் பேசப்படுகின்றன. செலுலைட் என்ற பெயரில் ஒரு நோய் அந்தக் காலத்தில் எவருக்கும் தெரியாது.

தல்க் நமக்கு அந்நியமான விஷயமில்லை. யூனானியில் 'இலாஜ் பித் தத்பீர்' என்ற பகுதிக்குள் ஹிஜாமா, ஹம்மாம் என்பவற்றோடு அதுவும் வருகிறது. 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியின் வழிவந்த நிறுவனத்தில் ஆயுர்வேதத்தோடு யூனானியும் பட்டப்படிப்பாக இருக்கிறது. ஆகவே உண்மையிலேயே தல்க் பற்றி அறிய விரும்புகிறவர்கள், பதிவு பெற்ற யூனானி வைத்தியர் ஒருவரிடம் போய்க் கேட்கலாம். வட்ஸ்அப்பில் பெட்டி விற்கிறவரிடம் கேட்கத் தேவையில்லை.

ஆயுர்வேதத்திலும் இதற்கு ஓர் ஒத்த முறை உண்டு. 'உத்வர்த்தனம்' என்பது மூலிகைத் தூளை உடம்பில் அழுத்தித் தேய்ப்பது. கபத்தைத் தணிக்கும், கொழுப்பைக் கரைக்கும், தோலைத் தெளிவாக்கும் என்று வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சொல்கிறது. பட்டுக் கையுறை போட்டுத் தேய்க்கும் 'கர்ஷணம்' இன்று உல்லாச விடுதிகளில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்படுகிறது. அந்த நூல்களில் 'கொழுப்பு' என்று வருவது பொதுவான உடற்பருமன்.

ஹம்மாமை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். துருக்கியில் 'கெசே' என்று ஒரு முரட்டுக் கையுறை இருக்கிறது, மொரோக்கோவில் 'கெஸ்ஸா' என்பார்கள். பை என்று பொருள்படும் 'கீஸ்' என்ற அரபுச் சொல்லின் உறவு. ஆனால் அது ஈரத் தேய்ப்பு. நீராவியில் நன்றாக இருந்து, தோல் ஊறி, சவர்க்காரம் போட்டபின் தேய்த்தால் இறந்த தோல் திரண்டு வரும். குளித்துச் சுத்தமாவதுதான் நோக்கம்.

ஹம்மாம் என்றதும் எனக்குப் பிடித்த ஒரு கதை நினைவுக்கு வருகிறது, சற்றுத் திசைமாறிப் போகிறேன். 1717இல் உஸ்மானிய ஆட்சியில் இருந்த சோபியா நகரில், பிரித்தானியத் தூதுவரின் மனைவி மேரி மொன்டேகு பெண்கள் ஹம்மாம் ஒன்றுக்குப் போனார். சுமார் இருநூறு பெண்கள் இருந்தார்கள், புதிதாக வந்த தன்னைப் பார்த்து ஒருவர்கூட ஏளனமாகச் சிரிக்கவில்லை, கிசுகிசுக்கவில்லை என்று வியந்து கடிதம் எழுதினார். அவர்கள் அவரையும் குளிக்க அழைத்தபோது சட்டையைத் திறந்து உள்ளே இருந்த இறுக்கு உடுப்பைக் காட்டினார். அதைப் பார்த்த பெண்கள் அவருடைய கணவர் அவரை ஒரு கூட்டுக்குள் பூட்டிவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்! அடிமைப்பட்டவர் யார் என்பது பற்றி இரண்டு பக்கமும் ஒவ்வொரு கணிப்பு.

அதே 18ஆம் நூற்றாண்டில்தான் இங்கிலாந்தில் காய்ந்த தூரிகை பிரபலமாகிறது. 'சதைத் தூரிகை' என்று அதற்குப் பெயர். அதைப் பரிந்துரைத்தவர்களில் முக்கியமானவர் ஜோர்ஜ் செய்ன், பாத் நகரில் தொழில் பார்த்த ஸ்கொட்லாந்து வைத்தியர். 1724இல் ஆரோக்கியம் பற்றி அவர் எழுதிய நூல் மிகவும் விற்பனையானது. ஒரு காலத்தில் தன் எடை 32 ஸ்டோனைத் தாண்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். 448 ராத்தல், 200 கிலோவுக்கு மேல்! அவர் எடை குறைத்தது பாலும் மரக்கறியும் உண்டு, தூரிகையால் அல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1747இல் வெளியிட்ட ஏழைகளுக்கான கைவைத்திய நூலிலும் செய்னின் விதிகள் இடம்பெற்றன, தூரிகையும் கூடவே வந்தது. அதை அவர்கள் ஓர் உடற்பயிற்சியாகவே பார்த்தார்கள். அதிக நேரம் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு, பலவீனமான உறுப்புகளுக்கு என்று. குதிரையைத் தினமும் தேய்த்துவிடுகிறோமே, மனிதனுக்கு ஏன் கூடாது என்பது அக்காலத்து வாதம்.

ஜப்பானில் காய்ந்த துவாயால் மேலுடம்பைத் தேய்க்கும் 'கன்பு மசாட்சு' வழக்கம் பாலர் பாடசாலைகளில்கூட இருந்தது. குளிர்காலத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று தேய்ப்பார்கள். தடிமன் பிடிக்காமல் இருக்கத்தான், மெலிவதற்காக அல்ல.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

'செலுலைட்' என்ற பிரெஞ்சுச் சொல் 1873இல் லித்ரே, ரொபான் இருவரும் வெளியிட்ட மருத்துவ அகராதிப் பதிப்பில் வந்தது. அங்கே அதன் பொருள் தோலுக்கு அடியில் உள்ள திசுவில் ஏற்படும் அழற்சி. உண்மையான நோய். நமது வைத்தியசாலை வார்ட்டுகளில் 'செலுலைடிஸ்' என்று சொல்கிறார்களே, அதன் பக்கத்து வீடு. 1920களில் பிரெஞ்சு வைத்தியர்கள் அதே சொல்லைப் பெண்களின் தொடையில் காணப்படும் குழிகளுக்குப் பாவிக்கத் தொடங்கினார்கள். 1933இல் பாரிஸில் வெளிவந்த 'வொத்ர் பொத்தே' என்ற அழகு சஞ்சிகை அதைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. தண்ணீர், கழிவு, நச்சு, கொழுப்பு எல்லாம் தேங்கிய ஒன்று என்று விளக்கினார்கள். இந்தப் பயணத்தைத் தேடி எழுதியவர் இத்தாலிய சமூகவியலாளர் ரொசெல்லா கிகி.

ஏன் அந்தக் காலத்தில்? முதலாம் உலகப் போருக்குப் பின் பாவாடை உயர்ந்தது. கடற்கரை விடுமுறை சாதாரண மக்களுக்கும் பரவியது, 1936இல் பிரான்ஸில் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமாகவே வந்துவிட்டது. அதுவரை எவருடைய கண்ணிலும் படாத தொடை வெளியே வந்தது. தொடை வெளியே வந்ததும் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்கப்பட்டது. குழிகள் அப்போதுதான் புதிதாக முளைத்தவை அல்ல. 17ஆம் நூற்றாண்டில் ரூபன்ஸ் வரைந்த 'மூன்று தேவதைகள்' ஓவியம் மட்ரிட் அரும்பொருட் காட்சியகத்தில் இருக்கிறது. அழகின் உச்சமாக அவர் வரைந்த பெண்களின் தோலில் அந்தக் குழிகள் தாராளமாக உண்டு.

அமெரிக்காவுக்கு இந்தச் சொல் கப்பல் ஏறியது 1968இல். அந்த வருடம் ஏப்ரல் 15ஆம் திகதி இதழில் 'வோக்' சஞ்சிகை, இதுவரை உங்களால் குறைக்க முடியாமல் போன கொழுப்புக்கு ஒரு புதிய பெயர் என்ற பொருளில் தலைப்பிட்டு செலுலைட்டை அறிமுகம் செய்தது. கவனியுங்கள்: பெயர்தான் புதிது, தலைப்பே அதை ஒத்துக்கொள்கிறது. 1973இல் நியூயோர்க்கில் அழகு நிலையம் நடத்திய நிக்கோல் ரொன்சார் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார், அது பெரிய விற்பனை. இது சாதாரணக் கொழுப்பு அல்ல, கொழுப்பும் நீரும் வெளியேறாத கழிவும் கலந்த ஒன்று என்றார். அதே 1970களில் பாவோ ஐரோலா, பேர்னார்ட் ஜென்சன் போன்ற இயற்கை வைத்தியப் பிரசாரகர்கள், தோல் வழியாகக் கழிவு போகிறது, காய்ந்த தூரிகையால் தேய்த்தால் இன்னும் போகும் என்று அமெரிக்காவில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழிவு தேங்கியிருக்கிறது என்கிறார், இன்னொருவர் கழிவை வெளியேற்றும் தூரிகை இருக்கிறது என்கிறார். இவை இரண்டும் சேர அதிக நாள் எடுக்கவில்லை.

1978இல் ஜேர்மனியின் தோல் வைத்திய ஆய்வாளர்கள் நியூர்ன்பேர்கர், மியுல்லர் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே செலுலைட்டை 'கண்டுபிடிக்கப்பட்ட நோய்' என்றார்கள், புனையப்பட்ட நோய் என்ற பொருளில். ஆண், பெண் தொடைத் திசுக்களை ஒப்பிட்டு அவர்கள் கண்டது இதுதான். தோலுக்கும் தசைக்கும் இடையில் கொழுப்பு சிறு சிறு அறைகளில் இருக்கிறது. அறைகளைப் பிரிப்பவை நார்த் தடுப்புகள். ஆண்களுக்கு இந்த நார்கள் பெரும்பாலும் குறுக்கும் மறுக்குமாக வலைபோல் ஓடுகின்றன, பெண்களுக்குத் தோலை நோக்கி நேராக நிற்கின்றன. ஆகவே பெண்களில் கொழுப்பு மேலே தள்ளும்போது நார் இழுக்கிற இடம் குழிகிறது.

நமது இலவம் பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு நகராமல் இருக்க மேலிருந்து கீழாக நூல் போட்டு இறுக்குவார்கள். நூல் போட்ட இடம் குழியும், இடையில் பஞ்சு மேடாகும். பஞ்சில் அழுக்கு இல்லை, நச்சு இல்லை. தைத்த விதம் அப்படி. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 வீதமானோருக்கு இது ஏதோ ஓர் அளவில் உண்டு என்று தோல் வைத்திய நூல்கள் சொல்கின்றன. மெலிந்தவர்களுக்கும் உண்டு. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இருப்பதை வருத்தம் என்று சொல்வதா, பெண்ணின் உடம்பு என்று சொல்வதா? பிள்ளைகளே, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில்.

இப்போது தூரிகை என்ன செய்யும் என்பது விளங்கும். மெத்தை உறையை மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே உள்ள நூல் தளராது. தோலின் மேற்படை ஒரு கடதாசித் தடிப்புத்தான், தூரிகையின் வேலை அங்கேயே முடிந்துவிடும். இறந்த செல்கள் உதிரும், தோல் மிருதுவாகும். இரத்தம் மேலே வந்து தோல் சற்று வீங்குவதால் குழிகள் சிறிது நேரம் குறைந்ததுபோல் தெரியும். 'முன், பின்' படங்களின் இரகசியம் பெரும்பாலும் அந்தச் சிறிது நேரமும் வெளிச்சம் விழும் கோணமும்தான். நச்சு அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் செய்கின்றன, வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். நிணநீர் ஓட்டம் என்கிறார்கள். அதை நகர்த்துவது தசை அசைவும் மூச்சும், ஆகவே நடந்தாலே நகரும். கைவீக்கம், கால்வீக்கம் உள்ளவர்களுக்கு நிணநீரை வடிக்கும் உண்மையான கைமுறை ஒன்று இருக்கிறது, 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடர் தம்பதியினர் உருவாக்கியது. அது மிக மென்மையான கைத்தொடுகை, விறைப்பான மயிருக்கு அங்கே இடமில்லை.

பணத்தின் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1999இல் 'செலசீன்' என்ற மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, விழுங்கினாலே செலுலைட் போகும் என்று. அரசின் வர்த்தக ஆணைக்குழு வழக்குப் போட்டு, விற்ற நிறுவனம் கடைசியில் வாங்கியவர்களுக்கு 12 மில்லியன் டொலர் வரை திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. 2014இல் கஃபீன் தடவிய உள்ளாடை செலுலைட்டைக் குறைக்கும் என்று விற்ற 'வகோல்' நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 1.3 மில்லியன் டொலர் கட்டியது. உண்மையிலேயே அந்த நார்களை உடைக்கும் ஊசி மருந்து 'குவோ' 2020இல் அங்கீகாரம் பெற்றது. கன்றிப்போதலும் தோல் நிறம் மாறுவதும் பெரும் பிரச்சினையாகி 2022 டிசம்பரில் அந்த நிறுவனமே தயாரிப்பை நிறுத்தியது. கோடிக் கணக்கில் பணம் போட்ட நிறுவனங்களுக்கே இவ்வளவு பாடு.

வாங்கிவிட்டவர்களுக்கும் வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கும் சில விஷயங்கள்.

தோல் மிருதுவாக இருந்தால் போதும் என்றால் பாவியுங்கள், மெதுவாக. நமது பீர்க்கங்கூடும் அதே வேலையைச் செய்யும், வேலியில் காய்க்கும். இரண்டாவது, 'இயற்கை மயிர்' என்று எழுதியிருந்தால் எதன் மயிர் என்று பாருங்கள். ஐரோப்பாவில் தூரிகைக்குப் பழங்காலம் தொட்டுப் பாவித்தது பன்றி மயிர். 1938இல் நைலோன் வரும்வரை பற்தூரிகைகூட அப்படித்தான். இன்றும் விலை கூடிய உடம்புத் தூரிகைகள் பலவற்றில் அதுதான். பெட்டியில் ஆங்கிலத்தில் 'போர் பிரிஸில்' என்று இருந்தால் அது பன்றி மயிர். கற்றாழை நாரிலும் சிசால் நாரிலும் செய்தவை உண்டு. மார்க்கத் தீர்ப்பு என் வேலையல்ல, அதை ஆலிம்களிடம் கேளுங்கள், ஆனால் கேட்பதற்கு முன் பெட்டியை வாசியுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். கரப்பான், சொரியாசிஸ், காயம், புடைத்த நாளம் உள்ள இடத்தில் தூரிகை படக்கூடாது. சீனி வருத்தம் உள்ள தாய்மார், உம்மம்மாமார், குறிப்பாகக் காலில் உணர்வு குறைந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கீறல் பட்டது தெரியாது, அதன் வழியாகக் கிருமி போகும். அப்படி வருவதுதான் நான் மேலே சொன்ன செலுலைடிஸ். செலுலைட்டும் செலுலைடிஸும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் வேறு வேறு. செலுலைட் வலிக்காது, சிவக்காது, வருடக் கணக்கில் அப்படியே இருக்கும். செலுலைடிஸில் கால் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும், காய்ச்சலும் வரலாம், சிவப்பு மணிக்கணக்கில் பரவும். உம்மாவின் காலில் அப்படிக் கண்டால் தேய்க்கவும் வேண்டாம், எண்ணெய் போடவும் வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவும் வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்கு அன்டிபயோட்டிக் தேவை.